தகப்பனும் மெலிவுதானாம்

போன கிழமை யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக். ஒரு வயதும் பத்து மாதமும் ஆன பெடியன், தராசில் 8.9 கிலோ. முதலாவது பிறந்தநாளுக்கு 8.6 இருந்தவன். பத்து மாதத்தில் முந்நூறு கிராம்! நிறை குறிக்கும் கொப்பியில் கோடு ஏறாமல் படுத்துவிட்டதைத் தாய்க்குக் காட்டினேன். அம்மம்மா முந்திக்கொண்டார்: "டொக்டர், இவன்ர தகப்பனும் சின்னனில இப்பிடித்தான் மெலிவு."

இந்த மாதத்தில் இதைச் சொன்ன ஐந்தாவது வீடு இது. பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

கொப்பியில் இருக்கும் வளைகோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா என ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்துதான் வரைந்தார்கள். சரியாக ஊட்டினால் முதல் ஐந்து வயதில் எந்த இனத்துப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளரும். சின்ன உடம்புக்காரப் பிள்ளையின் கோடு கீழே ஓடலாம், ஆனாலும் ஏறிக்கொண்டே போகும். ஏறாமல் நின்றால் அது பரம்பரை இல்லை. அப்புறம், அந்தத் தகப்பன் பிறந்தது 1991இல், போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள். அவர் மெலிந்தது பரம்பரையாலா, சாப்பாடு இல்லாததாலா?

படித்தவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள்: இலங்கை ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் 'உயர்ந்த' பிரிவில் இருக்கிறதே, பிறகெப்படிப் பிள்ளைகள் மெலியும்? உண்மைதான். 1945இலிருந்து இலவசக் கல்வி, ஆயிரம் பிறப்புக்குப் பத்துக்கும் குறைந்த சிசு மரணம், இரண்டும் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சுட்டெண் கூட்டுவது ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றை மட்டும். பிள்ளையின் நிறை அதில் கிடையாது. 2022 பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் எத்தனை தட்டுகளை விட்டுப் போயின என்பதை அது காட்டாது, எங்கள் தராசு காட்டும்.

கிளினிக்கில் இலவசமாகத் தரும் சத்துமா, திரிபோஷா, வாங்கிப் போகிறீர்கள். விசாரித்தால், பின்னேரத் தேத்தண்ணிக்கு உருண்டை பிடித்து வீடே சாப்பிட்டிருக்கிறது. கூலி வேலையால் வருகிற மனிதனுக்கும் பசிக்கும், விளங்குகிறது. ஆனாலும் அது பிள்ளைக்குத் தந்த மா. பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம், பிஸ்கட் தோய்த்தும் வேண்டாம். வெறும் சொதியில் பிசைந்த சோறு வயிற்றை நிரப்பும், நிறை ஏற்றாது. சூடை மீன் மலிவாக வரும் நாளில் முள் எடுத்து மசித்துக் கொடுங்கள். முருங்கை வேலியிலேயே நிற்கிறது. சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள்.

இரண்டு வயது வரை மாதா மாதம் நிறை பார்க்க வாருங்கள். போன முறை ஏசிவிட்டேன் என்று வராமல் நிற்காதீர்கள், பிள்ளையின் அம்மா. இந்த முறை ஏசமாட்டேன்.