கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸை மின்வாகனத்தில் பொருத்துகிறவர்களுக்கு

இரவு எட்டரை மணி. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பழைய அம்பாசடரின் ஹெட்லைட் இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் சுதாரித்துக்கொண்டதால் பிழைத்தோம் என்று மறுநாள் என் பட்டறையில் அதன் உரிமையாளர் சொன்னபோதும் அவர் குரலில் நடுக்கம் போகவில்லை. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டதும் எல்லாம் எரிந்ததாம். அதுதான் அவரை மேலும் குழப்பியிருந்தது.

பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு, 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி பன்னிரண்டைத் தொடராக இணைத்து, 144 வோல்ட்டில் ஓடும்படி அந்தக் காரை அவரே மாற்றியிருந்தார். விளக்கு, ஹாரன், வைப்பருக்கு வேண்டிய 12 வோல்ட்டைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) கொடுத்தது. எடையைக் குறைப்பதற்காகக் காரின் பழைய 12 வோல்ட் பேட்டரியையும் எடுத்துவிட்டார்.

இந்த யோசனை முட்டாள்தனமானது அல்ல. அமெரிக்காவில் பழைய கார்களை வீட்டிலேயே மின்காராக மாற்றியவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்ததுதான். எஸ்எம்பிஎஸ் தன்னிடம் வரும் ஏசி மின்சாரத்தை முதல் வேலையாக டிசி ஆக்கிக்கொள்கிறது. நம் வீட்டின் 230 வோல்ட், டயோடு பிரிட்ஜைத் தாண்டியதும் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி. அதற்குப் பிறகு உள்ளே நடப்பதெல்லாம் டிசியிலிருந்து டிசிக்கு மாற்றும் வேலை. ஆகவே வாசலிலேயே டிசியைக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். பேட்டரிப் பக்கத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளேயே இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் ஒரு பெட்டியில் இவ்வளவும் இருக்கும்போது ஆசை வருவது இயல்பு.

சிக்கல் எவ்வளவு வோல்ட் என்பதில் தொடங்குகிறது. 100 முதல் 240 வரை என்று லேபிளில் போட்டிருக்கும் வகை பொதுவாக 90 முதல் 264 வோல்ட் ஏசி வரை தாங்கும். அலையின் உச்சத்தைக் கணக்கிட்டால் 127 முதல் 373 வோல்ட் டிசி. அம்பாசடரில் இருந்தது இந்த வகை. நின்றுகொண்டிருக்கும்போது 144 வோல்ட் இந்த எல்லைக்குள் அடங்குகிறது. ஆனால் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், வயதான பேட்டரி ஒவ்வொன்றும் 9 வோல்ட்டுக்கும் கீழேகூட இறங்கிவிடும். பன்னிரண்டும் சேர்ந்து 108-க்கும் கீழே. அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மேசையில் வைத்து, டிசியை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். 106-இல் நின்றுவிட்டது. மேம்பாலத்தில் விளக்கு அணைந்ததற்குக் காரணம் அதுதான். தாங்கிப் பிடிக்க ஒரு 12 வோல்ட் பேட்டரி மட்டும் இருந்திருந்தால் ஓட்டியவருக்கு எதுவும் தெரிந்தே இருக்காது. 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் எதுவானாலும் அந்தச் சிறிய பேட்டரியை எடுக்காதீர்கள்.

சிவப்பு நிற 115/230 சுவிட்ச் உள்ள பழைய வகைக்கு 144 வோல்ட் போதவே போதாது. கிளம்பவில்லையே என்று அந்தச் சுவிட்சை 115-க்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. பேட்டரி 300 வோல்ட் பக்கம் இருந்தால், 200 வோல்ட்டுக்குச் செய்த, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரே கெப்பாசிட்டரின் மேல் அவ்வளவும் ஏறும், அது வெடிக்கும். நம் ஊரில் ஓடும் ஈ-ரிக்‌ஷா, ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 48, 60, 72 வோல்ட் வண்டிகள். அவற்றில் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் உயிர்பெறாது. அந்த வோல்ட்டுக்கென்றே செய்த கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நான்கு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து விளக்கு எரிப்பதும் வேண்டாம். அந்த ஒன்று மட்டும் முன்னதாகக் காலியாகி, மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த மின்காரில் கைவைக்கவே வேண்டாம். முதல் தலைமுறை நிசான் லீஃப் முழுதாகச் சார்ஜ் ஆனால் 400 வோல்ட்டை நெருங்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எல்லை 373 தான்.

எனக்கு அதிக அச்சம் தருவது ஃபியூஸ். அம்பாசடரின் எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது அதைத்தான். உள்ளே சிறியதாக ஒரு கண்ணாடிக் குழாய், அதன் மேல் 250 வோல்ட் ஏசி என்ற எழுத்து. பேட்டரிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவில் வேறு ஃபியூஸே இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஃபியூஸ் கம்பி உருகும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டிசியில் பூஜ்யமே வராது. கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். கண்ணாடி உடையும், பிசிபி (பாகங்களைப் பொருத்திய சுற்றுப் பலகை) கருகும், பேட்டரியோ மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். பின்பக்கத்தில் உள்ள சிறிய ஆன்-ஆஃப் சுவிட்சுக்கும் இதே கதிதான். பேட்டரி பேக்கின் முழு வோல்ட்டையும் டிசியில் துண்டிக்கும் திறன் எழுதப்பட்ட ஃபியூஸ், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். இதை வாங்கக் கணக்குப் பார்க்கிறவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

அடுத்தது 12 வோல்ட் தடம், அதாவது எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வெளியீடு. கம்ப்யூட்டருக்கு வேண்டியது சரியாக 12.0. லெட்-ஆசிட் பேட்டரி நன்றாக இருக்க 13.5-க்கு மேல் வேண்டும். 12.0-இலேயே வைத்திருந்தால் பேட்டரி எப்போதும் அரைப்பட்டினியில் கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து சீக்கிரம் சாகும். வெளியீட்டு வோல்ட்டைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றி 13.8 ஆக்கலாம்தான். ஆனால் எல்லாத் தடங்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றப்பட்ட பழைய வடிவமைப்பில் 5 வோல்ட் தடமும் கூடவே 5.75-க்கு ஏறும், பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடக்கூடும். அந்தப் பாதுகாப்பை வெட்டிவிடு என்று சொல்லித் தரும் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். வெட்டிவிட்டால், பிறகு ஏதாவது பழுதாகி வோல்ட் எகிறும்போது தடுக்க ஒன்றும் இருக்காது. வெளியீட்டில் உள்ள 16 வோல்ட் கெப்பாசிட்டர்களையும் 25 வோல்ட்டுக்கு மாற்றியாக வேண்டும். இவ்வளவையும் செய்யத் தெரிந்தவருக்கு நான் சொல்லித் தர எதுவும் இல்லை. தெரியாதவர் தயவுசெய்து மூடியைத் திறக்க வேண்டாம்: இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மேசைக்கடியில் அசையாமல் இருக்கச் செய்த பொருள் அது. சாலைக் குழிகளில் டிரான்ஸ்ஃபார்மரின் எடையே சால்டரை விரிசலாக்கும். ஃபேன் உறிஞ்சும் தூசியும் சென்னையின் ஈரமும் சேர்ந்தால் பிசிபியில் மின்கசிவு. ஸ்டாண்ட்பை பகுதி வேறு, வண்டி நிற்கும்போதும் ஓடும். 2 வாட் என்றாலும் மாதம் 1.4 யூனிட் பேக்கிலிருந்து வீணாகும்.

உரிமையாளரிடம் இன்னொன்றும் சொன்னேன். வண்டியை மின்வாகனமாக மாற்றுவதற்கு ஏஐஎஸ் 123 என்ற இந்திய வாகனத் தரத்தின்படி ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும், பதிவுச் சான்றிதழிலும் மாற்றம் ஏற வேண்டும். அதுவரை அந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் வெளியே நிற்பது.

அதற்கான வேலையை அவர் தொடங்கினார். நான் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, 144 வோல்ட்டுக்கென்றே செய்த கன்வெர்ட்டரை டிசி ஃபியூஸோடு பொருத்தினேன். 12 வோல்ட் பேட்டரியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பட்டறையின் பின்புற வளாகத்தில், கேரேஜுக்கு ஏறும் சரிவில், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தச் சொன்னேன். நான் பக்கத்து இருக்கையில் இரண்டு மல்டிமீட்டரோடு. பேக் 104 வோல்ட் வரை இறங்கியது. 12 வோல்ட் தடம் 12.4-இல் நின்றது. எதிர்ச் சுவரில் விழுந்திருந்த வெளிச்சம் அசையவில்லை.