காளைக்குக் கல்லீரல் கெட்டுவிட்டதா?

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காரைக்குடியில் என் கிளினிக் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. உள்ளே, மஞ்சுவிரட்டுக்குப் போய்த் திரும்பிய காளை. பின்னங்கால்கள் விறைத்து, அடியெடுத்து வைக்கவே யோசித்துக்கொண்டிருந்தது. வளர்ப்பவர் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"எஸ்ஜிஓடி அறுநூறத் தாண்டிருச்சாம் டாக்டரய்யா. லிவர் போச்சுங்கிறாக."

மனிதர்களுக்குப் பார்க்கும் லேபில் எடுத்த ரிப்போர்ட். அதைப் பார்த்து யாரோ சொல்ல, லிவர் டானிக் இரண்டு பாட்டில் வாங்கி, அதில் கொஞ்சம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

எஸ்ஜிஓடி என்பது கல்லீரலுக்கு மட்டும் சொந்தமான நொதி இல்லை. தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் அது உண்டு. எந்தச் செல் உடைந்தாலும் ரத்தத்தில் கசியும். கசிந்தது எங்கிருந்து என்று அந்த ஒரு எண் சொல்லாது. சரி, பக்கத்திலேயே கல்லீரலுக்குப் பார்க்கும் இன்னொரு நொதியான எஸ்ஜிபிடி நார்மலாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நாய்க்கும் பூனைக்கும் அது நல்ல சாட்சி. மாடு, ஆடு, குதிரையின் கல்லீரலிலோ அந்த நொதி மிகக் குறைவு. கல்லீரல் நிஜமாகவே கெட்டிருந்தாலும் எஸ்ஜிபிடி பேசாமல் இருந்துவிடும்.

காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு கேள்விகள் கேட்டேன். சிறுநீர் என்ன நிறம்? "கடுங்காப்பி மாதிரி போச்சுங்க." வலிக்கு ஊசி போட்டீர்களா? "மூணு நாளா தினம் ஒண்ணு." தண்ணீர்? "சரியாக் குடிக்கல."

இவ்வளவு போதும். ரத்தம் எடுத்து கிரியேட்டின் கைனேஸ், ஜிஜிடி, கிரியேட்டினின் மூன்றும் கேட்டேன். முதலாவது தசையின் ஆள், ஆயிரக்கணக்கில் எகிறியிருந்தது. கல்லீரல், பித்தநாளத்தின் ஆளான ஜிஜிடி அசையவே இல்லை. ஆக, அடிபட்டது தசை. தசை சிதைந்தால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் சிறுநீரில் இறங்கும்; கடுங்காப்பி நிறம் அதனால்தான். தொடையில் போட்ட ஊசியும் தன் பங்குக்குத் தசை நொதியை ஏற்றியிருக்கும்.

என்னை உறுத்தியது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின். கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஆனால் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் இந்த எண் தெளிவாக ஏறும். மயோகுளோபின் ஒரு பக்கம், நீர் வற்றிய உடம்பு ஒரு பக்கம், போதாததற்கு வலி ஊசி; மூன்றுமே சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. டானிக்கையும் ஊசியையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, ஓய்வில் கட்டச் சொன்னேன்.

அந்த ஊசி என்னவென்று கேட்டால் பலர் மழுப்புவார்கள். வலி மருந்தான டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் போடுவதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்னும் பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் எக்கச்சக்கமாக ஏறி உள்ளுறுப்புகளில் வெள்ளைப் பொடியாகப் படியும். (பறவைக்குச் சிறுநீரகத்தின் கதையைச் சொல்வது யூரிக் அமிலம்தான்.) 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அதே பட்டியலில் சேர்ந்தன. மனிதர்களுக்கான குப்பியை மாட்டுக்கு ஏற்றுவது இன்னும் நின்றபாடில்லை.

நம் பக்கத்தில் இன்னொன்று அடிக்கடி வரும். மருந்தடித்த வயல் வரப்பில் மேய்ந்த ஆடுகள். எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். பூச்சிமருந்தின் பாஸ்பரஸ் வகை செய்யும் வேலை இது. எண் கூடினால்தான் நோய் என்று பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள்; விஷம் ஏறினால், நரம்பின் தூண்டுதலை அடக்கும் கோலின்எஸ்டரேஸ் நொதி இறங்கும். அதிலும் ஆடு மாடுகளுக்கு ரத்தத்திலுள்ள இந்த நொதியில் பெரும்பங்கு சிவப்பணுக்களில் இருக்கிறது. மனித லேபில் வழக்கம்போல் சீரத்தை (செல்கள் நீங்கிய தெளிநீரை) மட்டும் பிரித்துப் பார்த்தால் பாதிக் கதைகூடத் தெரியாது. முழு ரத்தமாக அனுப்ப வேண்டும். ரிசல்ட் வரும்வரை விஷமுறிவு மருந்தான அட்ரோபின் போடாமல் காத்திருந்தால் ஆடு மிஞ்சாது என்பது வேறு விஷயம். மருந்து டப்பா கிடைத்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். எனக்கு அதுதான் முதல் ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகும் 'நார்மல்' மனிதனுக்கானது. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சி, பசுவுக்குச் சர்க்கரை 55 என்று பார்த்துப் பதறி வெல்லத்தைக் கரைத்துப் புகட்டியிருந்தார். மாட்டுக்கு 45 முதல் 75 வரை இருப்பது இயல்பு. தின்ற தீனி முதல் இரைப்பையில் புளித்துக் கொழுப்பு அமிலமாகிவிடும். வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் தயாரித்துக்கொள்கிறது. உண்மையிலேயே குறைந்திருக்குமோ என்று சந்தேகப்படும்போதும் முதலில் ரத்தக் குழாயைத்தான் விசாரிப்பேன். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்தால் குழாயிலிருக்கும் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். சர்க்கரை பார்க்க ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தாலும் எஸ்ஜிஓடி ஏறும். பிறகு அதற்கும் ஒரு டானிக்!

காளைக்கு வருவோம். ஒரு வாரம் கழித்துத் தசை நொதி ஏறக்குறைய இறங்கிவிட்டது, எஸ்ஜிஓடி மட்டும் இன்னும் இருநூறுக்கு மேல். அவர் முகம் வாடியது. தசை நொதி சில நாளில் வடிந்துவிடும், எஸ்ஜிஓடி மெதுவாகத்தான் கழியும் என்று விளக்கினேன். முதல் ரத்தத்தையே அன்றைக்குத்தான் எடுத்திருந்தால் நானும் கல்லீரலைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். கிரியேட்டினின் பழைய இடத்துக்கு வந்திருந்தது. சிறுநீரும் தெளிந்துவிட்டது.

லாரியில் ஏறுமுன் மெதுவாகக் கேட்டார்: "டானிக் ஒண்ணரை பாட்டில் மிச்சம் இருக்கு. கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவாரா?"