பறக்கும் தட்டைப் பட்டாணியால் அளந்தவர்கள்

1950களில் அமெரிக்க விமானப்படை ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தது. வானத்தில் விசித்திரமாக எதையோ பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அதைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வார்கள். அதில் ஒரு கேள்வி: கையை நீட்டிப் பிடித்தால், நீங்கள் பார்த்த பொருளை மறைக்க எது போதும்? குண்டூசித் தலையா, பட்டாணியா, சில்லறைக் காசா, பேஸ்பாலா, கூடைப்பந்தா?

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் "அது எத்தனை அடி நீளம் இருந்தது?" என்று கேட்பதைவிட இது எவ்வளவோ விவரமான கேள்வி. தொலைவில் இருக்கும் பொருளைப் பற்றிக் கண் தருவது கோணத்தை மட்டும்தான். கையை நீட்டிப் பிடித்த ஒரு பட்டாணி முழு நிலவை மறைத்துவிடும். நிலவின் விட்டம் 3,476 கிலோமீட்டர், பட்டாணிக்கு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டுமே கண்ணில் பிடிக்கும் இடம் அரை டிகிரிதான். பக்கத்தில் மரமோ மலையோ இல்லாத வெறும் வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்பேர்ப்பட்ட கூர்மையான கண்ணாலும் சொல்ல முடியாது. தூரம் தெரியாவிட்டால் அளவு தெரியாது, வேகமும் தெரியாது.

இந்தக் கதை முழுக்க ஆரம்பமானதே அப்படி ஒரு வேகக் கணக்கில்தான். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைப் பக்கம் தன் சிறிய விமானத்தில் பறந்தபோது, பளபளப்பான ஒன்பது பொருட்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தார். ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை போக அவற்றுக்கு 1 நிமிடம் 42 நொடி ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரு மலைகளுக்கும் இடையே சுமார் 47 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 1,700 மைல் வருகிறது. அந்தத் தேதியில் ஒலியின் வேகத்தைத் தாண்டி யாருமே பறந்ததில்லை. சக் யேகர் அதைச் செய்தது அக்டோபரில். ஆனால் 1,700 என்ற அந்த எண், பொருட்கள் மலைகளை ஒட்டியே பறந்தன என்றால்தான் சரி. ஆர்னால்டுக்கும் மலைகளுக்கும் நடுவே பாதித் தூரத்தில் அவை பறந்திருந்தால் வேகமும் பாதியாகிவிடும். பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் சாதாரண விமானத்தின் வேகம். ஒரு மலைமுகட்டுக்குப் பின்னால் அவை போய் மறைந்ததாக அவர் சொன்னார்; தூரத்துக்கு இருந்த ஒரே பிடி அந்த ஒரு வாக்கியம்தான். விமானப்படை கடைசியில் அதைக் கானல் தோற்றம் என்று எழுதி முடித்துக்கொண்டது.

அதற்குள் நாடெங்கும் 'பறக்கும் தட்டு' பேச்சாகிவிட்டது. 1948 ஜனவரியில் ஓஹையோவின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில், இந்தத் தகவல்களை விசாரிக்க 'சைன்' என்ற ரகசியத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது 'கிரட்ஜ்' ஆனது, 1952இல் 'புளூ புக்' ஆனது. இராணுவத்தின் உண்மையான பயம் வேற்றுக்கிரகவாசிகள் அல்ல. ஜெர்மானியப் பொறியாளர்களை ரஷ்யாவும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அவர்கள் புதிதாக ஏதாவது செய்து பறக்கவிடுகிறார்களோ என்பதுதான் கவலை.

வேலை செய்த முறை எளிது. தேதி, நேரம், திசை, உயரக் கோணம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் அந்தத் திசையில் தெரிந்த எதனோடாவது பொருந்துகிறதா என்று பார்ப்பது. வெள்ளிக் கோள், எரிகல், விமானம், வானிலை பலூன் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கழிப்பார்கள். வானியல் பகுதிக்கு ஆலன் ஹைனெக் என்ற பேராசிரியரை அமர்த்தினார்கள். ஆனால் இந்த முறைக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. வானத்தில் என்னென்ன பறக்கிறது என்ற பட்டியல் முழுதாகக் கையில் இருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். அந்தப் பட்டியலோ விசாரித்தவர்களிடமே முழுதாக இல்லை.

அந்த ஓட்டை ஓர் உயிரையும் வாங்கியது. 1948 ஜனவரி 7, பிற்பகல். கென்டக்கியின் காட்மன் தளத்துக் கோபுரத்திலிருந்து தென்பக்கம் வெள்ளையாக ஏதோ தொங்குவது தெரிந்தது. அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்த எஃப்-51 விமானங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். தலைமை விமானி கேப்டன் தாமஸ் மான்டெல் மேலே ஏறினார். கூட வந்தவர்கள் சுமார் 22,000 அடியில் திரும்பிவிட்டார்கள், அவர் திரும்பவில்லை. அவரிடம் ஆக்சிஜன் இல்லை. அந்த உயரத்துக்கு மேல் காற்றழுத்தம் தரைமட்டத்தில் பாதிக்கும் குறைவு. மூச்சு முட்டுவது தெரியாமலே புத்தி மங்கும்; தான் நன்றாகத்தான் இருக்கிறோம் என்ற தெம்பும் கூடவே வரும். மயங்கிய விமானியோடு விமானம் பிராங்க்ளின் ஊர்ப் பக்கம் விழுந்து நொறுங்கியது.

முதலில் வெள்ளிக் கோள் என்றார்கள். வெள்ளி அந்தத் திசையில் இருந்தது உண்மைதான், ஆனால் பட்டப்பகலில் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நான்கு ஆண்டு கழித்து, புளூ புக்கை நடத்திய கேப்டன் எட்வர்ட் ரூப்பெல்ட் கோப்பை மறுபடி பிரித்தபோதுதான் ஸ்கைஹுக் என்ற பெயர் வந்தது. அது கடற்படையின் பாலித்தீன் பலூன். விட்டம் 100 அடி வரை இருக்கும், 60,000 அடிக்கு மேல் மிதக்கும். செய்துகொடுத்தது ஜெனரல் மில்ஸ், ஆமாம், காலை உணவுக்குத் தானியம் விற்கும் அதே கம்பெனி. 100 அடி பலூன் 60,000 அடி உயரத்தில் நின்றால் நிலவில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்கு, வெள்ளையாக, அசையாமல் தெரியும். 22,000 அடியில் இருந்து பார்ப்பவருக்கு அது இன்னும் மேலேதான் இருக்கும், எவ்வளவு ஏறினாலும் எட்டாது. மான்டெல் துரத்தியது இதுதான் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆனால் 1948இல் காட்மன் கோபுரத்தில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு பலூன் இருப்பதே தெரியாது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தெரியாமல் கடற்படை பறக்கவிட்டது, அவ்வளவுதான் விஷயம். 1947இல் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல் பக்கம் பறக்கும் தட்டு விழுந்தது என்ற கதையும் இதே ஜாதி: அங்கே விழுந்தது, ரஷ்ய அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க அனுப்பிய 'மோகல்' என்ற ரகசிய பலூன் வரிசை என்று விமானப்படை 1994இல்தான் சொன்னது.

சரி, கண்ணை நம்ப வேண்டாம், ரேடார் தூரத்தையும் சேர்த்துச் சொல்லுமே? 1952 ஜூலை 19 நள்ளிரவுக்குச் சற்று முன், தலைநகர் வாஷிங்டனின் விமான நிலைய ரேடாரில் அடையாளம் தெரியாத புள்ளிகள் தோன்றின. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. ஜெட் விமானங்களை அனுப்பினார்கள்; பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. விமானிகள் சிலர் வெளிச்சங்களையும் கண்டதாகச் சொன்னார்கள்.

வழக்கமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். புழுக்கமான கோடை இரவில் தரை சீக்கிரம் ஆறிவிட, அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடிபோல நிற்பதுண்டு. இதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். ரேடார் அலை அந்த அடுக்கில் பட்டுக் கீழே வளைந்து, தரையில் எதன்மேலோ மோதி, வந்த வழியே திரும்பும். ரேடாருக்கோ அலை நேராகத்தான் போகும் என்ற நினைப்பு. ஆகவே வானத்தில் ஒரு புள்ளியைக் காட்டிவிடும். இது வெறும் சமாதானமா, உண்மையா என்று சோதிக்க அழகான வழி ஒன்று இருந்தது. அலை போகும் பாதையில் அடுக்கு நடுவழியில் இருக்கிறது. அது காற்றோடு ஒரு மைல் நகர்ந்தால், அலை விழும் தரைப்புள்ளி இரண்டு மைல் நகரும். ஆக, பொய்ப்புள்ளிகள் காற்றின் திசையில், காற்றைப்போல இரு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அமெரிக்க சிவில் விமானத்துறைப் பொறியாளர்கள் அளந்து 1953இல் வெளியிட்ட அறிக்கையில் புள்ளிகள் அப்படியே ஓடின. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி இதுதான். அன்று இரவு திரை முன் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. தரை எதிரொலியைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள் என்றார்கள்.

1969 டிசம்பரில் புளூ புக்கை மூடியபோது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். அவற்றில் 701க்கு விடை இல்லை. இந்த 701ஐ வைத்துத்தான் இன்றும் சண்டை. பட்டாணிக் கேள்விக்குப் பதில் இல்லாத, திசையும் நேரமும் குழம்பிய தகவல் எத்தனை பேர் கூடி யோசித்தாலும் விடை தராது.

இன்னொரு தொல்லை, விடை தெரிந்தும் சொல்ல முடியாமல் போனது. 1955இல் யூ-2 உளவு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணி விமானங்கள் 20,000 அடியில் இருட்டுக்குள் போகும் மாலை நேரத்தில், 60,000 அடிக்கு மேல் அதன் வெள்ளி இறக்கை வெயிலில் தகதகக்கும். விமானிகள் புகார் எழுதினார்கள். புளூ புக் ஆட்கள் சி.ஐ.ஏ.விடம் கேட்டு அது யூ-2தான் என்று உறுதிசெய்துகொள்வார்கள். அந்தக் காலத்துப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாசிரியர்கள் பின்னால் எழுதினார்கள். அந்தப் பங்கு மிகை என்றே நினைக்கிறேன். ஆனால் பொதுமக்களுக்கு விமானப்படை தந்த பதில் என்ன தெரியுமா? பனிப்படிகங்கள், அப்புறம் வெப்பத் தலைகீழ் மாற்றம்.