பெர்கமோட் எண்ணெய்: துளிக் கணக்கும் வெயில் கணக்கும்

காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தோரமாக வழிந்து இறங்கும் ஒரு பழுப்புக் கறை. மேலே மெலிந்து, கீழே துளி போலத் தடித்து நிற்கும். சோப்புப் போட்டாலும் போகாது. மங்கவே மாதங்கள் ஆகும். தோல் மருத்துவர்கள் இதை ‘பெர்லோக்’ தோலழற்சி என்பார்கள். சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஓடிகோலோன் தெளித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களுக்கு இந்தக் கறை வருவதை 1916-இல் ஃபிராயிண்ட் என்ற மருத்துவர் பதிவு செய்தார். காய்ச்சல் நேரத்தில் நம் வீடுகளில் துணியில் நனைத்து நெற்றியில் போடுகிறோமே, அதே ஓடிகோலோன்தான். அந்த வாசனையின் முதுகெலும்பு பெர்கமோட் எண்ணெய். ஏர்ல் கிரே தேயிலைக்கு மணம் கொடுப்பதும் இதுவே.

பெர்கமோட் என்பது புளிப்பு ஆரஞ்சும் லெமனும் கலந்து பிறந்த பழம். உலகச் சந்தைக்கு வரும் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவின் ரெஜ்ஜோ நகரைச் சுற்றிய குறுகிய கடலோரத்திலிருந்து வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அறுவடை. ஆரஞ்சுத் தோலை மடக்கினால் கண்ணில் தெறிக்குமே, அந்தச் சாறுதான் எண்ணெய். தோலின் மேற்பரப்பில் இருக்கும் பொடிப் பைகளில் அடங்கியிருக்கும். முன்பு தோலை அழுத்தி, கடற்பஞ்சில் ஒற்றி, பஞ்சைப் பிழிந்து எடுத்தார்கள். 1844-இல் நிகோலா பாரில்லா ஒரு பிழியும் இயந்திரம் செய்தார். இப்போது முழுப் பழத்தின் மேல்தோலைச் சுரண்டி, தண்ணீரில் அலசி, மையவிலக்கில் சுழற்றிப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் வேண்டும். பருவத் தொடக்கத்துக் காய்களின் எண்ணெய் பச்சையாக இருக்கும். பழம் கனியக் கனிய மஞ்சளுக்கு மாறும்.

இதில் சூடு கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆவியில் வடிக்கும்போது எளிதில் ஆவியாகும் பொருள்கள் மட்டுமே மேலே வரும். கனமான மூலக்கூறுகள் அடியில் தங்கிவிடும். பிழிந்து எடுத்தால் எல்லாமே சேர்ந்து வந்துவிடும். அப்படி வருவதில் ஒன்று பெர்காப்டென். எண்ணெயில் அரை சதவீதம்கூட இருக்காது. கறைக்குக் காரணம் அதுதான்.

பெர்காப்டென் தட்டையான மூலக்கூறு. தோலுக்குள் இறங்கி, செல்லின் டி.என்.ஏ. ஏணியில் படிகளுக்கு நடுவே நுழைந்து உட்காரும். வெளிச்சம் படாதவரை தீங்கில்லை. வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டதும் டி.என்.ஏ.வோடு வேதிப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். செல் சேதமாகும், தோல் சிவக்கும், சில சமயம் கொப்புளிக்கும், பிறகு கறுக்கும். சிவப்பு அன்றைக்கே தெரியாது. மறுநாள் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் எண்ணெய் தடவியதே மறந்துபோயிருக்கும். பழி சாப்பாட்டின் மேலோ புதுச் சோப்பின் மேலோ விழும். புற ஊதா ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் பேருந்தில் ஜன்னலோர இருக்கையும் வெயில் கணக்கில்தான் சேரும்.

நமக்கு இது புதிய செய்தியல்ல. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படும் கார்போகரிசியில் இருப்பது பெர்காப்டெனின் நெருங்கிய உறவான சோராலென். அந்தப் பெயரே கார்போகரிசியின் தாவரப் பெயரான சோராலியாவிலிருந்து வந்தது. நிறமிழந்த தோலைக் கறுக்க வைக்கும் அதே வேலையைத்தான் பெர்கமோட் நாம் கேட்காமலே செய்கிறது. எலுமிச்சைத் தோலிலும் இந்தக் குடும்பம் உண்டு. முகப்பொலிவுக்கென்று எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதை இன்றே நிறுத்துங்கள்.

எவ்வளவு தடவலாம்? கழுவாமல் தோலில் விடும் பொருள்களுக்குப் பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கமான இஃப்ரா வைத்திருக்கும் உச்சவரம்பு 0.4 சதவீதம். 20 துளி ஏறத்தாழ ஒரு மில்லி என்று வைத்தால், 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 8 துளி; 30 மில்லிக்கு 2 துளி. பலரும் தவறுவது சிறிய அளவில்தான். உள்ளங்கையில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றி, ‘ஒரே ஒரு துளி’ பெர்கமோட் விட்டால் அது ஒரு சதவீதம். வரம்பைப் போல இரண்டரை மடங்கு. டீஸ்பூனுக்கு அரைத் துளிகூட ஆகாது, அரைத் துளியை அளக்கவும் முடியாது. ஆகவே சிறு புட்டியில் மொத்தமாகக் கலந்து வைப்பதே சரி. துளியின் பருமன் மூடிக்கு மூடி மாறும் என்பதால், நகை எடை போடும் சின்னத் தராசு இருந்தால் 100 கிராமுக்கு 0.4 கிராம் என்று எடை போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை போன்ற பிழிந்தெடுத்த வேறு எண்ணெயும் சேர்த்தால் இரண்டின் தாக்கமும் கூடும். அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

பெர்காப்டென், சோராலென் எல்லாம் சேர்ந்த குடும்பத்தின் பெயர் ஃப்யூரோகூமரின். ‘ஃப்யூரோகூமரின் நீக்கியது’ என்ற லேபிளோடு வரும் எண்ணெயில் வெயில் சிக்கல் இல்லை. தோலுக்கென்றால் அதையே வாங்கச் சொல்வேன். வாசனையில் ஒரு கூர்மை குறையும், பரவாயில்லை. லேபிளில் பெர்கமோட் என்ற பெயர் மட்டும் போதாது, சிட்ரஸ் பெர்காமியா என்ற தாவரப் பெயரும் இருக்க வேண்டும். பெர்கமோட் புதினா வேறு செடி, மொனார்டாவும் வேறு.

பழைய எண்ணெய் வேறு வகையில் கெடுக்கும். அதில் உள்ள லிமோனீன், லினலூல் என்ற வாசனைப் பொருள்கள் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமை தரும் பொருள்களாகின்றன. பாதி காலியான புட்டியில் பாதி காற்று இருக்கிறது என்று நினைவில் வைத்து, குறையக் குறையச் சிறிய புட்டிக்கு மாற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்து ஓராண்டு தாண்டியதைத் தோலில் தடவ வேண்டாம். கறுப்போ பழுப்போ கண்ணாடிப் புட்டிதான் சரி: ஒரு துண்டு தெர்மாகோலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், குழி விழுந்து கரையும். பிளாஸ்டிக் டப்பாவை ஏன் தவிர்க்கிறோம் என்று விளங்கும். ரப்பர் மூடி கொண்ட டிராப்பரையும் புட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள். ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும்.

பயன் என்று நான் உறுதியாகச் சொல்வது வாசனையைத்தான். லினலைல் அசிட்டேட், லினலூல் இரண்டும் லாவெண்டரிலும் உள்ளவை. சிறு ஆய்வுகளில் முகர்ந்தவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாகப் பதிவுகள் உண்டு. மருத்துவரின் மருந்தை நிறுத்தும் அளவுக்கு வலுவான சான்று அதுவல்ல. அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசரில் 100 மில்லி தண்ணீருக்கு 3 துளி, ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் போதும். ஆஸ்துமா உள்ளவரோ பூனையோ இருக்கும் அறையில் வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் என்ற பேச்சு பழச்சாற்றில் உள்ள ஃப்ளேவனாய்டுகளைப் பற்றியது, எண்ணெயைப் பற்றியதல்ல.

குடிக்கவே கூடாது. தண்ணீரில் கரையாமல் மிதந்து வாயையும் தொண்டையையும் எரிக்கும். இதில் உள்ள பெர்கமோட்டின் என்ற பொருள் கிரேப்ஃப்ரூட்டிலும் உண்டு. சில மருந்துகளைக் குடலும் கல்லீரலும் சிதைப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். புட்டியோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோலில் அதிகமாகப் பட்டுவிட்டால் முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும். அந்த இடத்தைக் கெட்டித் துணியால் மூடி, அடுத்த 18 மணி நேரம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பட்டிருந்தால் மறுநாள் பகல் முழுக்க மூடியே வையுங்கள்.