போலீஸ் தாக்கல் செய்யாத ஆவணத்தையும் கேட்டுப் பெறலாம்

குற்றப்பத்திரிகையோடு கோர்ட்டுக்கு வரும் காகிதக் கட்டுக்குள் அரசுத் தரப்பு நம்பியிருக்கும் ஆவணங்கள்தான் இருக்கும். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230-ஆவது பிரிவின்படி, குற்றம்சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் அவற்றின் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். விசாரணையில் சேகரித்துவிட்டுத் தாக்கல் செய்யாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும் என்று மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

அது ஏன் முக்கியம்? மாலை 6 மணிக்கு மேலூரில் கத்தியைக் கைப்பற்றியதாக மகஜர் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் பதிவு) சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 6 மணிக்கு அதே எஸ்.ஐ. மதுரை கோர்ட் டூட்டியில் இருந்ததாக நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவு இருந்தால், கைப்பற்றலே ஆட்டம் காணும். அந்த நாட்குறிப்புப் பக்கம் கண்ணில் படாவிட்டால் குறுக்கு விசாரணையில் கேட்க ஒன்றுமிருக்காது.

கேட்கும்போது வாய்மொழியாகக் கேட்காமல், ஆவணத்தை வரவழைக்க வழிசெய்யும், அதே சட்டத்தின் 94-ஆவது பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். 'எல்லா ஆவணமும் வேண்டும்' என்று எழுதினால் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தச் சந்தேகத்துக்காக என்று குறிப்பிட வேண்டும். விசாரணை அதிகாரி அந்த வழக்குக்கென எழுதும் வழக்கு நாட்குறிப்பை நகலாகக் கேட்டுப் பெற முடியாது; ஆனால் நீதிபதி அதை வரவழைத்துப் பார்க்கலாம்.

சிசிடிவி விஷயத்தில் தாமதம் கூடவே கூடாது. பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு சாத்தான்குளம் நிலையத்தில், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கை காட்டியது. கைதான மறுநாளே, பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுங்கள்.

இப்படி ஓர் ஆவணம் இருப்பது தண்டனைக்குப் பிறகு தெரியவந்தால்? செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புக்கு (மரண தண்டனை தவிர) 60 நாளில் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு 30 நாளில் செஷன்ஸ் கோர்ட். கூடவே 432-ஆவது பிரிவில் கூடுதல் சாட்சியம் கோரும் மனு. மறைத்தார்கள் என்பது மட்டும் போதாது. அதனால் நீதி தவறியது என்று காட்ட வேண்டும். எந்தச் சாட்சியின் எந்த வரி இந்த ஆவணத்தால் பொய்யாகிறது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். முன்பே ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குத்தான் பழைய 94 மனுவின் நகலும் அதன் மேல் பிறந்த உத்தரவும் கையில் இருக்க வேண்டும்.

வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைக்கலாம். சிறையில் இருப்பவர்களுக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு. வருமான வரம்பு பார்ப்பதில்லை.