நிறப்புரியும் பிரம்மாவும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பஸ் கண்டியூரில் நின்றபோது அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, எங்க பாடத்துல பிரம்மான்னு ஒரு மரபணு வருது. இந்தக் கோயில் பிரம்மாவா அது?" பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கொய்த தலம் கண்டியூர், அவருக்கு அங்கே தனிச் சந்நிதியும் உண்டு. ஆமாம், அவரேதான் என்றேன்.

1988-இல் ஜேம்ஸ் கென்னிசனும் ஜான் டாம்குனும் பழ ஈயில் சில மரபணுக்களைக் கண்டெடுத்தார்கள். ஈயின் உடலில் எந்த இடத்தில் எந்த உறுப்பு முளைக்க வேண்டும் என்பதில் இவற்றுக்குக் கை உண்டு. அதனால் விதியோடு தொடர்புள்ள பெயர்களாகத் தேடி வைத்தார்கள்: கிரேக்கத்தின் மொய்ரா, ஃபின்னிஷ் மொழியின் கோஹ்தலோ, இந்திப் பாட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய கிஸ்மத். இந்த வரிசையில் பிரம்மாவும் ஒருவர். தலையெழுத்து எழுதுகிறவர் அல்லவா! மனிதரிடம் இந்த மரபணுவின் சொந்தம் 1993-இல் கிடைத்தபோது 'பிரம்மா சார்ந்த மரபணு 1' (Brahma-related gene 1) என்று பெயரிட்டு, பிஆர்ஜி1 எனச் சுருக்கினார்கள். பிஆர்ஜி1-இன் முதலெழுத்தில் பிரம்மா ஒளிந்துகொண்டார். இன்றைய முறைப்பெயர் ஸ்மார்க்ஏ4; அதில் அந்த எழுத்தும் போய்விட்டது.

சரி, இந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கும் பிஆர்ஜி1 என்றே பெயர்; அது வேலை செய்யும் பொருளான குரோமாட்டினுக்கு, அதாவது டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழைக்கு, வருவோம். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வால்டர் ஃபிளெமிங், உயிரணுவுக்குள் சாயத்தை இழுத்துக்கொண்ட பொருளுக்கு வைத்த பெயர் அது. 1888-இல் வால்டயர் குரோமோசோம், அதாவது நிற உடல் என்றார். இலங்கைப் பாடநூல்கள் அதையே நேராக எடுத்து நிறமூர்த்தம் என்கின்றன. இங்கே வழங்குவது நிறப்புரி. என் ஓட்டு இதற்கே.

காரணம், புரி என்ற சொல். முறுக்கிய இழை என்று பொருள். முப்புரி நூலில் இருப்பதும் அதுதான். வைக்கோலைத் திரித்துக் கட்டுக்கும் விதைக்கோட்டைக்கும் சுற்றும் கயிற்றை எங்கள் பக்கம் பிரி என்போம். எழுத்தில் புரி, வாயில் பிரி. அப்புறம் பார்த்தால், கட்டை அவிழ்ப்பதும் பிரிப்பதுதான். சுற்றுவதற்கும் அவிழ்ப்பதற்கும் வாயில் ஒரே ஒலி.

பிஆர்ஜி1-இன் கதையே இதுதான். ஒரு மனித உயிரணுவின் உட்கருவில் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ அடைபட்டிருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருளைமேல் டிஎன்ஏவின் 147 எழுத்துச் சோடிகள், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுற்றிக்கொள்கின்றன. இறுகச் சுற்றிய இடத்தில் மரபணுவைப் படிக்க வரும் புரதங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. பிஆர்ஜி1, உயிரணுவின் எரிபொருளான ஏடிபியை எரித்து, பத்துக்கு மேற்பட்ட கூட்டாளிப் புரதங்களோடு சேர்ந்து உருளையைத் தள்ளி நகர்த்தும். சில நேரம் கழற்றியே விடும். மறைந்திருந்த இடம் வெளியே வரும், மரபணு பேசத் தொடங்கும். வேறோர் இடத்தில் இதே தள்ளல் மரபணுவின் வாயை மூடவும் செய்யும். கல்லீரல் அணுவிலும் கண் அணுவிலும் ஒரே எழுத்துத்தான். எது திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆக, இந்தப் பிரம்மா ஓரெழுத்தைக்கூட எழுதுவதில்லை. பெயர் வைத்தவர்கள்மேல் எனக்குள்ள சின்ன மனத்தாங்கல் அது.

இந்த வகைப் புரதங்களின் வேலையைக் குரோமாட்டின் மறுவடிவமைப்பு என்று எழுதுகிறார்கள். வீட்டை இடித்துக் கட்டுவதுபோல ஒலிக்கிறது. புரிநெகிழ்த்தி என்று சில காலம் எழுதிப் பார்த்தேன். மூடுகிற வேலை அதில் அடங்கவில்லை. இப்போது புரிநகர்த்தி என்கிறேன். திறந்தாலும் மூடினாலும் நடப்பது நகர்த்தல்தானே.

பிஆர்ஜி1-இன் சொந்த எழுத்திலேயே பிழை விழுவதும் உண்டு. காஃபின்-சிரிஸ் என்ற வளர்ச்சிக் குறைபாட்டிலும் சில புற்றுநோய்களிலும் அதைக் காண்கிறார்கள். இதைச் சொன்னதும் அவள், "அப்போ பிரம்மாவுக்கே தலையெழுத்தா?" என்றாள்.

"கண்டியூர்ல தலையே போச்சே" என்றேன்.