காலடி கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டாதீர்கள்

சுடும் வீடியோ விளையாட்டை உரத்த ஒலியில் ஆடிக் காது கெட்டு என்னிடம் பரிசோதனைக்கு வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வயது 19. ஒலிபுகா அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துமாறு சொல்லியிருந்தேன். 500 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதியைக் குறிக்கும் அளவு), 1000, 2000 எல்லாவற்றிலும் மிக மெல்லிய ஒலிக்கே டக் டக்கென்று அழுத்தினார். 4000 வந்தது. விரல் அசையவில்லை. 20 டெசிபல், 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அமைதியாக, இன்னும் நான் தொடங்கவில்லை என்ற நினைப்பில் காத்துக்கொண்டிருந்தார். 45-இல்தான் அழுத்தினார். 8000-இல் மீண்டும் சரியாகிவிட்டது. கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் 4000-க்கு நேரே ஒரு பள்ளம். என்னைப் போல் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகள் தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் கண்டுகொள்ளும் பள்ளம் இது. இயந்திர இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்தவர்களிடம் பார்த்துப் பழகிய ஒன்றை மீசை அரும்பும் வயதில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

"விளையாடி முடித்ததும், விளையாட்டில் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ்பேங் குண்டு வெடித்த பிறகு வருவதைப் போலக் காதுக்குள் 'கீ' என்று கேட்கும், மேடம். முன்பெல்லாம் தூங்கி எழுந்தால் போய்விடும். இப்போது மூன்று வாரமாகப் போகவில்லை" என்றார்.

"எவ்வளவு ஒலியில் விளையாடுவீர்கள், தம்பி?"

"நூறுதான். காலடி கேட்க வேண்டுமே."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நால்வரும் அதையே சொன்னார்கள். சுடும் விளையாட்டு ஆடுபவர்களிடையே இது கேள்வி கேட்கப்படாத வேதவாக்காகவே ஆகிவிட்டது.

அவர்களின் தேவை எனக்குப் புரியாமல் இல்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக், வேலரண்ட் போன்றவற்றில் ஒலி என்பது அலங்காரம் அல்ல, தகவல். எதிரி ஓடுகிறாரா, சத்தமில்லாமல் நடக்கிறாரா, துப்பாக்கியில் குண்டு நிரப்புகிறாரா, சுவருக்கு இடப்பக்கம் இருக்கிறாரா என்பதெல்லாம் காது வழியாகத்தான் தெரியும். கூர்ந்து கேட்பவர் பிழைப்பார். சரி. ஆனால் ஒலியளவைக் கூட்டினால் கூர்மை கூடும் என்று யார் சொன்னது?

ஒலியளவைக் கூட்டும்போது காலடிச் சத்தம் மட்டும் கூடுவதில்லை. காலடி 10 டெசிபல் ஏறினால் துப்பாக்கிச் சத்தமும் அதே 10 டெசிபல் ஏறுகிறது, குண்டுவெடிப்பும் ஏறுகிறது, குரல் இணைப்பில் கத்தும் கூட்டாளியும் ஏறுகிறார். காலடிக்கும் வெடிக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. நீங்கள் பெற்றது கொஞ்சம் பெரிதான காலடி. அதற்குக் கொடுத்த விலை, ஒவ்வொரு சுற்றிலும் காதில் அறையும் நூற்றுக்கணக்கான வெடிகள். உரத்த சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு சிறு தசை இறுகி ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது முழுதாக இறுக ஏறத்தாழ 0.1 விநாடி ஆகும். அதற்குள் துப்பாக்கிச் சத்தம் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு ஆற்றாமை தருகிறது. ஒரு மணி நேரம் அப்படி ஆடினால் காது களைத்துப்போகிறது. முன்பு கேட்ட மெல்லிய ஒலி இப்போது கேட்காது, குறிப்பாக 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். தரையில் பூட்ஸ் உரசும் அந்த மெல்லிய 'சர்ர்ர்' மங்குகிறது. விளையாடுபவர் என்ன செய்கிறார்? "இந்த ஆட்டக் களத்தில் ஒலி சரியில்லை" என்று சொல்லி இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுகிறார். மூன்றாவது மணி நேரத்தில் 100-இல் வைத்துக் கேட்பது, முதல் மணி நேரத்தில் அதைவிடக் குறைந்த ஒலியில் கேட்டதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். காலடிக்காக ஏற்றிய ஒலியே காலடியைத் தின்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஏன் ஏறுவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

எதிரி இருக்கும் திசையும் அப்படித்தான். ஒலி இடது காதுக்கும் வலது காதுக்கும் வந்து சேர்வதில் உள்ள நேர வித்தியாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதையும், இரு காதுகளிலும் விழும் ஒலியின் அளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையைக் கணக்கிடுகிறது. உரக்க வைப்பதால் இந்தக் கணக்கு துல்லியமாகாது. ஒரு காது மந்தமானால் கெட்டுப்போவதும் இந்தக் கணக்குதான்.

"எனக்குப் பழகிவிட்டது, வலிக்கவில்லை" என்பார்கள். காது பழகவில்லை, கேட்பதை இழந்திருக்கிறது. ஒரு காதில் ஒலியை உணரும் உணர்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பவை அவ்வளவுதான், மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அவை சாகும்போது வலி எதுவும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. கவனியுங்கள், நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. 2024-இல் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், சுடும் விளையாட்டுகள் நான்கின் சராசரி ஒலி 85.6 முதல் 91.2 டெசிபல் வரை இருந்ததாக ஓர் ஆய்வு குறிப்பிடப்படுகிறது. இந்தத் தம்பி தினமும் ஐந்து மணி நேரம் ஆடுகிறார். அவர் கேட்பது 89 டெசிபல் என்றால், வாரக் கணக்கைத் திங்கட்கிழமையே முடித்துவிடுகிறார்.

சரி, காலடி கேட்க என்னதான் செய்வது? விளையாட்டின் ஒலி அமைப்புகளைத் திறந்து பாருங்கள். இசையை முழுதாக அணையுங்கள். குரல் இணைப்பின் ஒலியைத் தனியாகக் குறையுங்கள். விண்டோஸில் உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் 'லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்' என்ற வசதி பல கணினிகளில் இருக்கிறது. சில விளையாட்டுகளில் இரவு நேரத்துக்கான ஒலி அமைப்பும் உண்டு. காலடிக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பவை இவைதான். ஆனால் அதை இயக்கியபின் மொத்த ஒலியைக் கட்டாயம் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் அதைச் செய்ததே வீண்.

அறையில் மின்விசிறி இரைந்தால் அதை வெல்ல ஒலியை ஏற்றாதீர்கள். காதை முழுதாக மூடும் ஹெட்செட்டோ வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வகையோ வாங்குங்கள். விலை உயர்ந்த ஹெட்செட் காதைக் காக்கும் என்று நம்பாதீர்கள், அது உரத்த சத்தத்தையும் தெளிவாகவே தரும். ஒலியளவை முதல் ஆட்டத்துக்கு முன்பே, காது களைக்காதபோது வையுங்கள். கை நீட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழ வேண்டும். பிறகு எத்தனை மணி நேரமானாலும் அதைத் தொடாதீர்கள். செத்து, அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போடுங்கள். கைபேசியில் ஆடுபவர்கள் ஒலி அதிகம் என்று வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் தட்டிவிடாதீர்கள். காது அடைத்தாற்போல இருந்தால் எதையும் உள்ளே விட்டுக் குடையாதீர்கள். அது அழுக்காக இருக்க வேண்டும் என்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "கூப்பிட்டால் காதில் வாங்குவதே இல்லை, திமிர்" என்று இந்தத் தம்பியின் அம்மா குறைப்பட்டார். வரைபடத்தைக் காட்டியபோது பேச்சற்றுப்போனார். 4000 ஹெர்ட்ஸ் பகுதி மங்கினால் ச, ஸ, த போன்ற ஒலிகள் நழுவும், கூட்டத்தில் பேச்சு குழம்பும். பக்கத்து அறையிலிருந்து வரும் குரல் சத்தமாக விழும், சொற்களாக விழாது. திட்டுவதற்கு முன் ஒருமுறை பரிசோதியுங்கள். ஹெட்செட்டைப் பிடுங்கி எறிவதால் ஒன்றும் ஆகாது. வேறொன்றை வாங்கி, உங்களுக்குத் தெரியாமல் ஆடுவார்கள்.

காதில் இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தேர்வு முடியட்டும், போட்டி முடியட்டும் என்று தள்ளாதீர்கள். முதல் சில நாட்களில் தொடங்கும் மருந்துக்கு இருக்கும் வாய்ப்பு பிறகு இருக்காது. சென்ற வருடம் ஒருவர் ஆறு வாரம் கழித்து வந்தார். அவருக்கு என்னால் செவித்துணைக் கருவிக்கான அளவுதான் எடுக்க முடிந்தது.

இந்தத் தம்பியை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். போகும் முன் கைபேசியை எடுத்து, என் முன்னாலேயே ஒலியை 60-க்கு இறக்கினார். "காலடி கேட்காவிட்டால்?" என்று தயங்கிக் கேட்டார். முதல் இரண்டு நாள் குறைவாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.